மரியாதை என்ற பேரில் மாமூல்: இனி கொடுக்க மாட்டோம்!



பொங்கல் வந்தால் நம் கொல்லைக் கரும்பு முதலில் யார் வீட்டுக்குப் போகிறது? கட்டிக் கொடுத்த பெண் வீட்டுக்கா? அக்கா தங்கை வீட்டுக்கா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். ஒரு கட்டுக் கரும்பும், ஒரு தார் வாழையும், ஒரு சிப்பம் புது அரிசியும் வி.ஏ.ஓ. வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் பெத்த பெண்ணுக்குப் பொங்கல் சீர் போகிறது. தீபாவளி வந்தால் ஸ்வீட் பாக்ஸ். சர்வேயர் வீட்டில் காதுகுத்து என்றால் ஆட்டுக்கிடா. ஆர்.ஐ. வீட்டில் கல்யாணம் என்றால் ஊரே வேன் பிடித்துப் போய் மோதிரம் போட்டுவிட்டு வருகிறது.

கேட்டால் என்ன சொல்கிறோம்? "இது லஞ்சம் இல்லீங்க, ஒரு மரியாதை!"

இந்த 'மரியாதை'யைப் பற்றித்தான் இந்தப் பிரசுரத்தில் பேச வந்திருக்கிறோம். கையில் திணிக்கும் ரூபாய் நோட்டைப் பற்றி எத்தனையோ முறை பேசிவிட்டோம். நோட்டுக்கு முன்னால் போய் நின்று வழி போட்டுக் கொடுப்பது இந்த அன்பளிப்புதான். அதை நிறுத்தாமல் லஞ்சத்தை நிறுத்த முடியாது என்பதே எங்கள் கருத்து.

மொய் நோட்டில் ஏறாத மொய்

நம் ஊர்களில் மொய் என்றால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. நாம் 500 எழுதினால் நோட்டில் ஏறும். நம் வீட்டு விசேஷத்துக்கு அவர் வந்து 500-க்குக் குறையாமல் திருப்பிச் செய்வார். செய்யாவிட்டால் ஊர் கேட்கும். கொடுப்பவரும் வாங்குபவரும் சரிசமம். அதனால்தான் அது மரியாதை.

அதிகாரி வீட்டுக் கல்யாணத்தில் நாம் போட்ட மோதிரம் எந்த நோட்டில் ஏறியது? நம் மகள் கல்யாணத்துக்கு அவர் வந்து திருப்பிச் செய்தாரா? பத்திரிகை வைத்தபோது, "வேலை இருக்குப்பா, பார்க்கலாம்" என்றதோடு சரி. திரும்பி வராத மொய்க்கு மொய் என்று பெயரில்லை.

இது மரியாதையா, மாமூலா என்று சந்தேகம் வந்தால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். நாளைக்கே அவருக்கு மாற்றல் வந்துவிட்டால் இந்தக் கிடாயை அவருக்குக் கொடுப்போமா? ஊர்ச் சாவடியில் எல்லோரும் பார்க்கக் கொடுப்போமா? நாம் கொடுத்ததுபோல் அவரும் நமக்குச் செய்வாரா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் அது மாமூல். பாத்திரம் வெள்ளியா, எவர்சில்வரா என்பது முக்கியமில்லை.

கிடா கொடுத்தவரும் கொடுக்காதவரும்

நாங்கள் கண்ணால் கண்ட ஒரு சங்கதி. ஒரே ஊரில் இரண்டு பேர் ஒரே வாரத்தில் பட்டா மாறுதலுக்கு மனுப் போட்டார்கள். ஒருவர் சம்பந்தப்பட்டவர் வீட்டுக் காதுகுத்துக்குக் கிடா கொண்டுபோய்க் கட்டியவர். யாரும் அவரிடம் காசு கேட்கவில்லை. அந்த மாதமே பட்டா வந்தது. இன்னொருவர் கணவரை இழந்த அம்மா. புருஷன் பேரில் இருந்த எழுபது சென்ட்தான் சொத்து. இ-சேவை மையத்தில் மனுவுக்கு உரிய 60 ரூபாயைக் கட்டி ரசீதும் வைத்திருந்தார். அவரிடமும் யாரும் காசு கேட்கவில்லை. ஆனால் "வாரிசுச் சான்று சரியில்லை", "சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார்", "அடுத்த வாரம் வாம்மா" என்று நாட்கள் ஓடின.

பட்டா அவர் பேருக்கு வராததால் அவர் பேரில் சிட்டா அடங்கல் வாங்க முடியவில்லை. சிட்டா அடங்கல் இல்லாமல் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைக்கவில்லை. நடவு நேரம் காத்திருக்குமா? தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் நாற்று நட்டார்.

இதில் யாரும் யாரிடமும் லஞ்சம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். போலீசில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிடா கொடுத்தவர் கொடுத்தது தன் வேலைக்கு மட்டும் கூலி இல்லை. அந்த அம்மாவைப் பின்னுக்குத் தள்ளவும் சேர்த்துத்தான் கூலி கொடுத்தார், தனக்கே தெரியாமல்! ஒருவர் கொடுக்கும் மரியாதை இன்னொருவருக்குத் தாமதமாக விடிகிறது. இருப்பவர் கொடுப்பார். இல்லாதவர் என்ன செய்வார்?

களத்து மேட்டுப் பழக்கம்

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வேர் உண்டு. அந்தக் காலத்தில் கணக்குப்பிள்ளை, வெட்டியான், தலையாரி என்று ஊர் வேலை பார்த்தவர்களுக்குக் களத்து மேட்டிலேயே நெல் அளந்தார்கள். அதற்கு மேரை என்று பேர். அது அவர்கள் செய்த வேலைக்கு ஊர் கொடுத்த கூலி. ஒளிவு மறைவு இல்லை. எல்லோர் களத்திலும் அளப்பார்கள், எல்லோரும் பார்க்க அளப்பார்கள்.

பிறகு சர்க்கார் சம்பளம் வந்தது. 1980-இல் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளே ஒழிக்கப்பட்டன. தேர்வு எழுதி, மாதச் சம்பளத்துக்கு வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள். மேரைக்கு இருந்த காரணம் அன்றோடு முடிந்துபோனது. ஆனால் அளக்கும் கை மட்டும் நிற்கவில்லை. சம்பளமும் நம் வரிப்பணத்தில் போகிறது, மேரையும் நம் களத்திலிருந்து போகிறது. ஒரே வேலைக்கு இரண்டு கூலி!

மூட்டைக்கு நாற்பது

அன்பளிப்பு பழகினால் எங்கே போய் முடியும் என்பதை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பார்க்கலாம். முதலில் லோடுமேனுக்கு டீச் செலவு என்றுதான் ஆரம்பித்தது. கொடுத்தோம். பிறகு சாக்குக்கு, லாரிக்கு, "மேலே கொடுக்கணும்" என்று வளர்ந்து மூட்டைக்கு இவ்வளவு என்று ரேட்டே ஆகிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025-26 பருவத்தில் ஊக்கத்தொகையோடு சேர்த்து சாதாரண ரக நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். 40 கிலோ மூட்டை 1,000 ரூபாய் ஆகிறது. மூட்டைக்கு 40 ரூபாய் பிடித்தால் நூற்றுக்கு நாலு ரூபாய். ஏக்கருக்கு 60 மூட்டை கண்டவருக்கு 2,400 ரூபாய் போச்சு! உழவுக்கும் உரத்துக்கும் கடன் வாங்கியவன் மடியிலிருந்து இது போகிறது. கொடுக்காவிட்டால் "ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே இருக்கு, காயப்போடு" என்பார்கள். மழை வந்தால் குவித்த நெல் களத்திலேயே முளைக்கும்.

2020 அக்டோபரில் நெல் கொள்முதல் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சம்பளம் வாங்கிக்கொண்டு லஞ்சமும் வாங்குவதைப் பிச்சையோடு ஒப்பிட்டுக் கண்டித்தது. கோர்ட்டே சொன்ன பிறகும் நாம் ஏன் குனிகிறோம்?

கொள்முதல் நிலையத்தில் நிற்கும் பருவகாலப் பணியாளருக்கும் சுமைத் தொழிலாளிக்கும் சம்பளம் போதவில்லை என்பதும், எடை குறைந்தால் அவர்கள் தலையில் கட்டுகிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அவர்களும் உழைப்பாளிகளே. அவர்கள் கூலியை உயர்த்தக் கேட்டால் அவர்களோடு நாமும் கொடி பிடிப்போம். ஆனால் சர்க்கார் கொடுக்க வேண்டிய கூலியை நம் மூட்டையிலிருந்து பிடிக்க விடமாட்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

"அன்பளிப்புக்கு எல்லாம் சட்டம் இருக்கா?" என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறோம்.

தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. அரசு ஊழியர் தானும் வாங்கக் கூடாது, மனைவி மக்களை வாங்க விடவும் கூடாது. கல்யாணம் போன்ற விசேஷங்களில் உறவினர், நண்பர் செய்வதற்கு மட்டும் அளவோடு விலக்கு உண்டு. மனுவோடு நிற்கும் நாம் அவருக்கு உறவினரா, நண்பரா?

1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. அதன் 7-வது பிரிவில் லஞ்சம் வாங்கியவருக்கு 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை. ஒழுங்காகச் செய்ய வேண்டிய வேலையை ஒழுங்காகச் செய்து கொடுப்பதற்கு வாங்கினாலும் குற்றமே. புரோக்கர் மூலம் வாங்கினாலும் குற்றமே. பணமாக இல்லாமல் பொருளாக வாங்கினாலும் குற்றமே. 11-வது பிரிவு நம் கரும்புக்கட்டுக்கே எழுதியதுபோல் இருக்கிறது. தன்னிடம் வேலை உள்ளவர் என்று தெரிந்தே, அவரிடம் ஆதாயத்தைச் சும்மாவோ குறைந்த விலைக்கோ வாங்கினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை!

இந்தச் சட்டத்தை 2018-இல் திருத்தினார்கள். அதில் நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. 7 ஆண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். வற்புறுத்தலுக்குப் பயந்து கொடுத்திருந்தால் 7 நாட்களுக்குள் போலீசிலோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட வேண்டும். சொன்னால் நம் மீது குற்றமில்லை. லஞ்ச ஒழிப்புத் துறையில் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் தரும் ஏற்பாட்டின்படி பவுடர் தடவிய நோட்டைக் கொடுத்தாலும் குற்றமில்லை.

"புகார் கொடுத்தவரை மிரட்டிப் பல்டி அடிக்க வச்சிடுவாங்க" என்ற பயம் நியாயமானது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, புகார்தாரர் இறந்துபோனாலும் பிறழ் சாட்சியானாலும் மற்ற சாட்சியங்களையும் சூழ்நிலைகளையும் வைத்துக் குற்றத்தை நிரூபிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஒரு ஆளை மிரட்டினால் வழக்கு தானாகப் படுத்துவிடும் என்ற காலம் போய்விட்டது.

தலைவருக்கு விதி எங்கே?

இனி நம் ஊராட்சிக்கு வருவோம். பஞ்சாயத்துத் தலைவரும் வார்டு உறுப்பினரும் அரசு ஊழியர் அல்ல. 1973 நடத்தை விதிகள் அவர்களைக் கட்டாது. ஆனால் ஊழல் தடுப்புச் சட்டத்தில் அவர்களும் பொது ஊழியர்களே. குழாய் இணைப்புக்கும், வீட்டு வரி ரசீதுக்கும், வீடு கட்டும் திட்டப் பயனாளி பட்டியலுக்கும் வாங்கினால் அவர்களும் உள்ளே போக வேண்டியதுதான்.

பெரிய சட்டம் இருக்கிறது. அன்றாடத்துக்கான சின்ன விதிதான் ஊருக்குத் தெரியவில்லை. தலைவர் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது? ஒப்பந்தக்காரர் தீபாவளிக்குக் கொண்டுவந்து இறக்கும் பெட்டியில் என்ன இருக்கிறது? அந்தப் பெட்டிக்கு ஆன செலவை அவர் சும்மா விடுவாரா? நம் தெரு சிமெண்ட் ரோட்டில் கனத்தைக் குறைத்து எடுத்துக்கொள்வார். ரோடு இரண்டு மழையில் பல்லிளிக்கும். தலைவர் வீட்டு இனிப்புக்கு விலை கொடுப்பது நம் தெரு.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவராவது ஓட்டுக் கேட்டு வரும்போது மாட்டுவார். தனி அலுவலரை எந்த வாசலில் நிறுத்திக் கேட்பது? அதனால்தான், நாற்காலியில் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் ஒரே விதி வேண்டும் என்கிறோம்.

உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்க முறைமன்ற நடுவர் சட்டம் 2014-இல் வந்தது. லோக் ஆயுக்தா சட்டம் 2018-இல் வந்தது. நம் ஊரில் எத்தனை பேருக்கு இந்தப் பேர் தெரியும்? ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்களா?

வரம்பு என்று வைத்தால் அதுவே விலை

"ஐநூறு ரூபாய் வரை வாங்கலாம், அதற்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்துவிடலாமே" என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில் சொல்கிறார்கள். ஆனால் நமக்கு அனுபவம் இருக்கிறது. ஐநூறு என்று எழுதினால் நாளைக்கே அது விலைப்பட்டியல் ஆகிவிடும். "சட்டமே ஐநூறுக்கு அனுமதி கொடுத்திருக்கே, எடுப்பா" என்பார்கள். இன்றைக்குச் சும்மா கிடைக்கும் கையெழுத்துக்கும் நாளைக்கு ஐநூறு ஆகும்.

வேலை உள்ளவரிடம் வரம்பு கிடையாது, தடைதான். ஒரு பைசா, ஒரு கரும்பு, ஒரு இளநீர்க் குலைகூடக் கூடாது. வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. அது தமிழன் பண்பு. மோர் குடித்தவர் யாருக்கும் கடன்படுவதில்லை. கிடா வாங்கியவர் கடன்படுகிறார்.

நம் பக்கத்துத் தப்பு

எல்லாத் தப்பும் அதிகாரி மீது என்று எழுதினால் அது நேர்மை ஆகாது. கை நீட்டாத அதிகாரிகளும் இருக்கிறார்கள். கொண்டுபோன பழக்கூடையைத் திருப்பிக் கொடுத்து, "மனுவை மட்டும் வச்சுட்டுப் போங்கய்யா" என்று சொன்னவரையும் பார்த்திருக்கிறோம். அப்போது நாம் என்ன செய்தோம்? "கூடை பத்தலை போல" என்று பேசிக்கொண்டு அடுத்த நாள் பெரிய கூடையோடு போனோம்! நல்லவரையும் கெடுத்தது யார்?

நம் சங்கமும் இதற்கு விலக்கில்லை. புது அதிகாரி வந்தால் பொன்னாடையும் பழத்தட்டுமாக வரிசையில் நின்றவர்கள்தான் நாமும். கோரிக்கை மனுவுக்கு மேலே ஆப்பிளை வைத்தால் கோரிக்கைக்கு என்ன மரியாதை? அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். இனி சங்கத்தின் சார்பில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மனுவும் அதற்கான ஒப்புகைச் சீட்டும்தான். பொன்னாடை இல்லை, பழத்தட்டு இல்லை.

1970-இல் மின்கட்டணத்தை யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து மேற்கு மாவட்டத்து விவசாயிகள் எழுந்தார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் 3 பேர் உயிர் கொடுத்தார்கள். ஒரு பைசாவுக்கு மார் காட்டிய பரம்பரை நாம். இன்றைக்கு மூட்டைக்கு நாற்பது ரூபாயை, கேட்பதற்கு முன்னாலேயே எண்ணி வைக்கிறோம். அந்தத் தியாகிகள் படத்துக்கு மாலை போடும்போது நமக்குக் கூச வேண்டாமா?

நம் கோரிக்கைகள்

1. மனு, சான்று, கொள்முதல், ஒப்பந்தம் நிலுவையில் உள்ள யாரிடமும் அலுவலர்களும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் அவர்கள் குடும்பத்தாரும் எந்தப் பொருளும் பெறக் கூடாது என்று எழுத்துப்பூர்வமான விதி வேண்டும். அது தலைவர், உறுப்பினர், தனி அலுவலர் அனைவருக்கும் பொருந்த வேண்டும்.

2. ஒவ்வொரு ஊராட்சியிலும் அன்பளிப்புப் பதிவேடு வைக்க வேண்டும். வந்தது என்ன, கொடுத்தது யார், திருப்பி அனுப்பினார்களா என்று எழுதிக் கிராம சபையில் வாசிக்க வேண்டும்.

3. வி.ஏ.ஓ. அலுவலகம், தாலுகா அலுவலகம், கொள்முதல் நிலையம் எல்லாவற்றிலும் எந்த வேலைக்கு என்ன கட்டணம், எத்தனை நாள் என்று பெரிய எழுத்தில் போர்டு வைக்க வேண்டும். புகார் எண்ணும் அதிலேயே இருக்க வேண்டும்.

4. குறித்த நாளில் வேலை முடியாவிட்டால் தாமதம் செய்தவருக்கு அபராதம் வேண்டும். மத்தியப் பிரதேசம் 2010-லும், கர்நாடகம் 2011-லும், கேரளம் 2012-லும் சேவை உரிமைச் சட்டம் கொண்டுவந்தன. நம் மக்களுக்கும் அந்த உரிமை ஏட்டில் நிற்காமல் கைக்கு வர வேண்டும்.

5. லஞ்சப் புகார் கொடுத்தவரின் வேலையைப் பழிவாங்கி நிறுத்தக் கூடாது. வேறு அலுவலர் மூலம் 15 நாளில் முடித்துக் கொடுக்க வேண்டும்.

6. கொள்முதல் நிலையப் பணியாளர், சுமைத் தொழிலாளர் கூலியை அரசே முழுமையாகக் கொடுக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

அரசு செய்யும்வரை கை கட்டி உட்கார வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். அடுத்து வரும் கிராம சபையில் முதல் இரண்டு கோரிக்கைகளையும் தீர்மானமாக எழுதிக் கொடுப்போம். "அப்புறம் பார்க்கலாம்" என்றால் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றும்வரை கலைய வேண்டாம். தனியாகப் போய் அலைய வேண்டாம். அலுவலகத்துக்கு ஐந்து பேராகப் போவோம். மனு கொடுத்தால் ஒப்புகை வாங்குவோம். நாள் கடந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, 'என் மனு யார் மேஜையில் எத்தனை நாளாக இருக்கிறது?' என்று கேட்போம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வரும் பொங்கலுக்கு நம் கரும்பு நம் பெண் வீட்டுக்குப் போகட்டும். ஒருவர் மட்டும் நிறுத்தினால் அவர் மனு கிடப்பில் போகும். ஊரே நிறுத்தினால் யார் மனுவைக் கிடப்பில் போடுவார்கள்? எழுபது சென்ட் அம்மாவுக்கும் ஏழு ஏக்கர்காரருக்கும் ஒரே வரிசை, ஒரே முறை என்று ஆகட்டும்.

கொடுக்க மாட்டோம்! கொடுக்க மாட்டோம்!
மரியாதை பேரில் மாமூல் கொடுக்க மாட்டோம்!
கேட்பது பிச்சை அல்ல, உரிமை!
ஒன்றுபடுவோம்! உரிமையை வெல்வோம்!

இவண்,
விவசாயிகள் சங்கக் கிளைக் கமிட்டி